பினாங்கில் பழைய வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் சுவரைப் பாருங்கள்

பழைய வீடு ஒன்று கையில் இருந்து, அதை இடிப்பதா, விற்பதா, பழுது பார்ப்பதா என்று குடும்பத்தில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும் எவருக்கும் நான் சொல்வது, முடிவெடுப்பதற்கு முன்னால் பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுனுக்குப் போய்விட்டு வாருங்கள் என்பதுதான். எங்களுக்கு தைப்பிங்கில் தாத்தா வாங்கிப்போட்ட கடைவீடு ஒன்று இருக்கிறது. கீழே கடை, மேலே வீடு, நடுவில் முற்றம். தாத்தா அங்கே துணி வியாபாரம் செய்தார், அப்பா காலத்தில் கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டோம், அப்பாவுக்குப் பிறகு பூட்டியே கிடந்தது. அண்ணனுக்கு விற்றுவிடலாம் என்று எண்ணம், அத்தைக்கு விற்கக்கூடாது என்பதில் ஒரே பிடி. அந்த மாதிரி வீட்டைச் சரிசெய்தால் கடைசியில் எப்படி நிற்கும், அதில் மனிதர் வசதியாக இருக்க முடியுமா என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பேசலாமே என்றுதான் நான் பினாங்கில் புதுப்பித்த வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். சில சமயம் தனியாக, சில சமயம் அத்தையோடு, ஒருமுறை அண்ணனையும் இழுத்துக்கொண்டு. வீடு இல்லாதவர்களுக்கும் இது பயன்படும், ஏனென்றால் அங்கே போகிற பெரும்பாலோர் சுவர் ஓவியங்களுக்கு முன்னால் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டு, ஐஸ் கச்சாங் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்த ஓவியங்கள் 2012-ல் வந்தவை. அவை வரைந்திருக்கும் சுவருக்கு நூறு வயதுக்கு மேல் இருக்கும், அதை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

அங்கே ஏன் இத்தனை பழைய வீடுகள் மிச்சம் இருக்கின்றன என்பது தெரிந்து போனால் பார்க்கிற கண்ணே மாறிவிடும். 1966-ம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை உரிமையாளர் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது, குடியிருப்பவரைச் சுலபத்தில் கிளப்பவும் முடியாது. வாடகை சொற்பம் என்பதால் உரிமையாளர்கள் பழுது பார்க்கவில்லை, ஆனால் இடித்துவிட்டு உயரமாகக் கட்டவும் வழியில்லை. இப்படியே கூரை ஒழுகிக்கொண்டு, பலகை இற்றுக்கொண்டு அந்தத் தெருக்கள் தப்பிப் பிழைத்தன. சின்ன வருமானக்காரர்களும் நகரத்துக்கு நடுவிலேயே குடியிருந்தார்கள். 2000-ம் ஆண்டு பிறந்தபோது அந்தச் சட்டத்தின் பிடி முழுசாக விலகியது. வாடகை எகிறியது, தலைமுறைக் கணக்கில் இருந்தவர்கள் மூட்டை கட்டினார்கள், தெரு தெருவாகக் காலி வீடுகள். சிலர் அந்தக் காலி வீடுகளில் உழவாரன் குருவிகளைக் கூடு கட்ட வைத்து, சூப் வைக்க வாங்கும் அந்தக் கூட்டை விற்றுப் பணம் பார்த்தார்கள். குருவிக்கு ஈரம் வேண்டும் என்று உள்ளே தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள், மர உத்தரமும் சுவரும் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2008 ஜூலை 7 அன்று மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பிறகுதான் காற்று மாறியது. மறு வருஷம் திங்க் சிட்டி என்ற அமைப்பு வந்து பழுது பார்க்க மானியம் கொடுக்கத் தொடங்கியது. பாரம்பரியப் பகுதியிலிருந்த குருவி வீடுகளையும் மாநில அரசு படிப்படியாக அகற்றியது. இன்று நாம் பார்க்கிற பளபளப்புக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? எல்லாரும் பெரிய மாளிகைக்குத்தான் முதலில் ஓடுகிறார்கள். சின்ன வீட்டிலிருந்து தொடங்குங்கள் என்பேன் நான். மாளிகையைப் பார்த்துவிட்டுக் கடைவீட்டுக்கு வந்தால் கண் எதையும் வாங்காது. என் கணக்கில் தொடங்க வேண்டிய இடம் ஆர்மேனியன் ஸ்ட்ரீட் 120-ம் எண் வீடு. சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட் சென் 1910-ல் தன் இயக்கத்தின் தென்கிழக்காசிய அலுவலகத்தைப் பினாங்குக்கு மாற்றியபோது செயல்பட்ட இடம் இதுதான். குவாங் வா நாளிதழும் அதே வருஷம் இங்கிருந்துதான் புறப்பட்டது. வரலாற்றுக்காகவே பலர் வருகிறார்கள், அது நியாயம்தான், ஆனால் வரலாற்றுப் பலகைகளைப் படித்து முடித்ததும் வெளியே போய்விடாதீர்கள். ஒரு சாதாரணக் கடைவீடு உள்ளுக்குள் எப்படி இருக்கும் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

முகப்பு ஒடுக்கம், உள்ளே போகப் போக நீளம். அஞ்சடியை, அதாவது வீட்டு முன்னால் கூரைக்குக் கீழே ஓடும் நடைபாதையை, தாண்டினால் முன்னறை, அதற்கு அப்பால் வானம் தெரியும் முற்றம், பின்னால் சமையல்கட்டு. பக்கச் சுவர் இரண்டும் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் என்பதால் பக்கவாட்டில் ஒரு ஜன்னல் கூட வைக்க முடியாது. வெளிச்சம், காற்று, மழைத் தண்ணீர் எல்லாம் அந்த முற்றம் வழியாகத்தான் வர வேண்டும், போக வேண்டும். வெயில் ஏறும்போது முற்றத்துச் சூடான காற்று மேலே எழும்பிப் போய்விடும், தெருப்பக்கத்து நிழற்காற்று அஞ்சடி வழியாக உள்ளே வரும். நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, மத்தியான வெயிலில் அந்த முன்னறையில் நின்றபோது கழுத்தில் பட்டது. மின்விசிறியைத் தேடினேன், நான் நின்ற பக்கம் எதுவும் ஓடவில்லை. எங்கள் தைப்பிங் வீட்டில் அதே முற்றத்தைத்தான் பழைய வாடகைக்காரர் மழைச்சாரல் தொல்லை என்று தகரம் போட்டு மூடி வைத்திருந்தார். அந்த வீட்டுக்குள் போனாலே புழுங்கிச் செத்துவிடுவோம் என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்ததற்குக் காரணம் எனக்கு இங்கேதான் விளங்கியது.

அதனால் எந்த வீட்டுக்குள் போனாலும் முற்றத்தைத் தேடுங்கள். திறந்திருக்கிறதா, கண்ணாடி போட்டு மூடிவிட்டார்களா? மூடியிருந்தால் அந்த வீடு ஏர்கான் இல்லாமல் இருக்க முடியாத வீடாகிவிட்டது என்று அர்த்தம். தங்கும் விடுதிகளும் கஃபேக்களும் இதைச் சர்வ சாதாரணமாகச் செய்கின்றன, வியாபாரத்துக்கு அவர்களுக்கு வேறு வழி இல்லாமலும் இருக்கலாம். ஆனால் ஏர்கான் குளிரும், வெளியிலிருந்து நுழையும் ஈரக்காற்றும் சேர்ந்து பழைய மரத்துக்கும் சுவருக்கும் என்ன செய்கின்றன என்பதைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தாலே தெரியும். கதவுக்கு மேல் வரிசையாக இருக்கும் காற்றுத் துளைகளை அடைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். வௌவால், வண்ணத்துப்பூச்சி உருவில் எவ்வளவு அழகாகச் செய்து வைத்திருப்பார்கள்! அது வெறும் அலங்காரம் என்று நினைத்து உள்பக்கம் பிளைவுட் அடித்து மூடிய வீடுகளை நிறையப் பார்த்தேன்.

இப்போது சுவர். இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும்.

இந்த வீடுகளெல்லாம் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டியவை. அடியில் ஓதத்தைத் தடுக்க இன்றைக்குப் போல எந்தப் படலமும் கிடையாது. மண்ணிலிருக்கும் ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை ஆவியாக வெளியே விட்டுவிடும், அதனால் சுவர் நனைவதும் காய்வதுமாகக் காலம் தள்ளும். அதன் மேல் சிமெண்டு பூசினீர்கள் என்றால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் இன்னும் உயரத்துக்கு ஏறும், கூடவே மண்ணிலிருந்த உப்பும் ஏறும். கொஞ்ச நாளில் சுவரில் உப்புப் பூத்து, பூச்சு உப்பி, தட்டினால் பொத்துப் பொத்தென்று சத்தம் வரும், அப்புறம் பத்தை பத்தையாக உதிரும். மேலே பிளாஸ்டிக் வகைப் பெயிண்ட் அடித்திருந்தால் இன்னும் மோசம், தோல் மாதிரி கொப்புளம் கட்டி நிற்கும். பலரும் இதைப் பார்த்து, பழைய வீட்டுச் சுவர், இற்றுப்போய்விட்டது என்கிறார்கள். செங்கல் நன்றாகத்தான் இருக்கும், பாழாக்கியது பிற்காலத்தில் பூசிய பூச்சுதான்.

ஒரு விடுதியில் நானும் அத்தையும் ஒரு ராத்திரி தங்கினோம், பெயர் வேண்டாம். முன்பக்கம் கண்ணைப் பறிக்கும் அழகு, பழைய பூ ஓடுகள், சிவப்பு விளக்கு, செதுக்கிய அரைக்கதவு எல்லாம் உண்டு. அறைக்குள் கட்டில் தலைமாட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பலகை அடித்திருந்தார்கள். அத்தை அதன் மேல்விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இங்க பாருடி, மாவு மாதிரி உதிருது, பலகைய வச்சு மறைச்சிருக்காங்க" என்றார். அன்று ராத்திரி முழுக்க ஓத வாடை. சுவரில் இடுப்பளவுக்கு மட்டும் பலகையோ டைல்ஸோ புதிதாக ஒட்டியிருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பதை அத்தையிடம்தான் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம்வரை சுவர் எப்படி இருக்கிறது என்பதைத்தான் முதலில் கவனிக்கிறேன். சில வீடுகளில் அந்தப் பகுதி கொஞ்சம் கறை படிந்து, சீரில்லாமல், சுண்ணாம்புப் பொடி கையில் ஒட்டுகிற மாதிரி இருக்கும். அதைப் பார்த்துச் சரியாக வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள், அந்தச் சுவர் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருக்கும் பழைய சுவரைப் பார்த்தால்தான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

நல்ல வேலை செய்த வீடுகளில் இன்னொன்றும் பார்க்கலாம். சுவரில் எங்காவது ஒரு மூலையில் சின்னச் சதுரமாகச் சுரண்டி, அடியில் இருக்கும் பழைய வண்ண அடுக்குகளை அப்படியே தெரிய விட்டிருப்பார்கள். மேலே வெள்ளை, அதன் அடியில் பச்சை, அதற்கும் அடியில் நீலம் என்று. எந்த வண்ணத்தில் வீடு முதலில் இருந்தது என்பதைக் கண்டுபிடித்த பிறகே பூசினோம் என்பதற்கு அது சாட்சி. சுற்றிக்காட்டுபவரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். அதுவரை மனப்பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தவர்கள் கூட இந்தக் கேள்வியைக் கேட்டதும் முகம் மலர்ந்து பேச ஆரம்பிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சுண்ணாம்பு வேலை நமக்கு அந்நியமானதும் இல்லை. சிப்பிச் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கரு, கருப்பட்டி மாதிரியான முரட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் சேர்த்துக் குழைத்துப் பூசி, கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கும் மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு கடல் தாண்டி இந்தப் பக்கத்துக்கு வந்தது. 1861-ல் கட்டி முடித்த சிங்கப்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவர்களில் பூசியது அதுதான், பூசிய கைகள் இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்த கைதிகளின் கைகள். பினாங்கின் செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும் கைதிகளின் உழைப்பில் எழுந்ததே. சீன வணிகர்களின் மாளிகை, பிரிட்டிஷ்காரர்களின் நகரம் என்று பலகைகள் சொல்லிக்கொண்டு போகும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

தைப்பிங் வீட்டில் நாங்கள் செய்தது இந்தப் பார்வையிலிருந்து வந்ததுதான். முதலில் கூரை ஓடு, ஏனென்றால் மேலிருந்து வரும் தண்ணீரை நிறுத்தாமல் சுவரில் கைவைப்பது வீண். அப்புறம் முற்றத்துத் தகரத்தைப் பிரித்தோம். பின்சுவரில் நெஞ்சளவுக்குப் பூசியிருந்த சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, செங்கல்லை வெறுமனே காயவிட்டோம். தைப்பிங் மழை எப்படி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், காய மாதக்கணக்கில் ஆனது. வந்த ஒப்பந்தக்காரர்களில் ஒருவர் "ஒரே வாரத்துல சிமெண்டு பூசி, வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிச்சுத் தர்றேன், இதுக்கு எதுக்கும்மா காத்துக்கிட்டு இருக்கீங்க" என்றார். பினாங்கில் அந்த விடுதிச் சுவரைப் பார்த்திருக்காவிட்டால் அண்ணன் அதற்குத் தலையாட்டியிருப்பார். கூட்டிப்போனது நல்லதாயிற்று. பழைய வீட்டில் எந்த வேலை தொடங்குவதாக இருந்தாலும், அந்த ஆள் சுண்ணாம்பு வேலை செய்த ஒரு சுவரை, குறைந்தது இரண்டு மழைக்காலம் பார்த்த சுவரை, நேரில் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்ட முடியாதவரிடம் கொடுக்காதீர்கள்.

லீத் ஸ்ட்ரீட்டில் இருக்கும் சியோங் ஃபாட் ஸே மாளிகைக்கு, நீல மாளிகை என்று எல்லாரும் சொல்வது, இவ்வளவையும் தெரிந்துகொண்டு போங்கள். குவாங்டோங் மாநிலத்திலிருந்து வெறுங்கையோடு வந்து, கிழக்கின் பெரும் பணக்காரர்களில் ஒருவரான மனிதர் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் கட்டத் தொடங்கிய வீடு. 38 அறைகள், 5 முற்றங்கள், 7 மாடிப்படிகள், 220 ஜன்னல்கள். அந்த நீலம் சுண்ணாம்பில் அவுரிச் சாயம் கலந்து பூசியது. சாயங்கால வெயிலில் அந்தச் சுவரின் நிறம் இடத்துக்கு இடம் மாறும், மழை பெய்தால் இருண்டுவிடும், காய்ந்ததும் திரும்ப வெளுக்கும். கடையில் வாங்கிய நீலப் பெயிண்ட் எதுவும் இப்படி நடந்துகொள்ளாது. உள்ளே ஸ்காட்லாந்து வார்ப்பிரும்புத் தூண், இங்கிலாந்து ஸ்டோக்கிலிருந்து வந்த தரை ஓடு, சீனச் செதுக்குப் பலகை எல்லாம் ஒரே கூடத்தில் நிற்கின்றன, ஒன்றும் உறுத்தவில்லை.

எனக்கு அங்கே பிடித்தது அதன் பின்கதை. வீட்டைக் கட்டிய சியோங் ஃபாட் ஸே 1916-ல் இறந்தார். கடைசி மகன் உயிரோடு இருக்கும்வரை வீட்டை விற்கக் கூடாது என்பது உயில், அந்த மகன் இறந்தது 1989-ல். நடுவில் இருந்த அந்த நீண்ட காலத்தில் பணம் வற்றி, வீடு சிதைந்து, அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்டு, ஒண்டுக்குடித்தனங்கள் நிறைந்து, மாளிகையின் கூடத்தில் அடுப்புப் புகை படிந்தது. அப்படியே விட்டிருந்தால் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டியிருப்பார்கள். பினாங்குக்காரர்கள் சிலர் சேர்ந்து அதை வாங்கி, கட்டடக் கலைஞர் லாரன்ஸ் லோ தலைமையில் பல ஆண்டுகள் உழைத்து மீட்டார்கள். கூரை முகட்டில் பீங்கான் துண்டுகளை வெட்டி ஒட்டிச் செய்த பூக்களும் பறவைகளும் இருக்கின்றன, அந்த வேலை தெரிந்த கைவினைஞர்களைச் சீனாவிலிருந்து வரவழைத்தார்கள். 2000-ம் ஆண்டில் யுனெஸ்கோ ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதுகளைக் கொடுக்கத் தொடங்கியபோது முதலிடம் இதற்குத்தான் கிடைத்தது. அரசாங்கம் செய்யவில்லை, பெரிய நிறுவனம் செய்யவில்லை, சொந்த ஊர் வீடு விழக்கூடாது என்று நினைத்த சிலர் செய்தார்கள். அத்தை இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் அண்ணனைப் பார்த்து "கேட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது அது தங்கும் விடுதியும்கூட, அதனால் எல்லா இடத்துக்கும் விட மாட்டார்கள். சுற்றிக்காட்டும் நேரங்கள் மாறும், முன்கூட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள். கூட்டத்தில் முன்னால் நிற்பதற்குச் சண்டை போடாமல் கடைசியில் நில்லுங்கள், எல்லாரும் நகர்ந்த பிறகு ஜன்னல் கொண்டி, படிக்கட்டின் அடிப்பகுதி, தரை ஓடு சுவரைத் தொடுகிற ஓரம் இதையெல்லாம் நிதானமாகப் பார்க்கலாம். வேலையின் தரம் ஓரங்களில்தான் தெரியும்.

சர்ச் ஸ்ட்ரீட்டில் உள்ள பினாங்கு பெரனாக்கான் மாளிகையும் புகழ்பெற்றதுதான். ஹக்கா என்ற சீனச் சமூகத்தின் தலைவர் காப்பித்தான் சுங் கெங் குவீ 1890-களில் கட்டியது, பச்சைச் சுவர்கள். உள்ளே பாபா நோன்யா, அதாவது மலாய்ப் பழக்கவழக்கங்களோடு கலந்துபோன பழைய சீனக் குடும்பங்களின், வாழ்க்கையின் நகை, பீங்கான், திருமணக் கட்டில் என்று குவித்து வைத்திருக்கிறார்கள். பார்க்க அருமை, குழந்தைகளுக்கும் பிடிக்கும். ஆனால் பொருள் அதிகம், வீடு அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. பக்கத்திலேயே இருக்கும் அவர்கள் குடும்பக் கோயிலைத் தவறவிடாதீர்கள், எனக்கு மாளிகையைவிட அதுதான் நின்று பார்க்க வைத்தது.

அருங்காட்சியகங்களை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் பாதிதான் பார்த்தீர்கள். மீதி பாதி தெருவில் இருக்கிறது. லிட்டில் இந்தியாவில், குவீன் ஸ்ட்ரீட்டின் 1833-ம் ஆண்டு மாரியம்மன் கோயிலைச் சுற்றி, பினாங்கு ஸ்ட்ரீட்டில் செட்டியார்களின் வட்டித்தொழில் கிட்டங்கிகள் இருந்த வரிசையில், சூலியா ஸ்ட்ரீட்டில் நாகூர் தர்கா பக்கத்தில் மெதுவாக நடந்து பாருங்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நம் ஆட்கள் இந்த மாடிகளில்தான் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்தார்கள். அந்த மாடிகள் எதுவும் அருங்காட்சியகம் ஆகவில்லை. காசுக்காரர் வீட்டுக்குத்தான் டிக்கெட், கூலிக்காரர் மாடிக்கு அடையாளப் பலகை கூடக் கிடையாது. இது எனக்கு உண்மையாகவே வருத்தம். ஒரே ஒரு மாடியையாவது அப்படியே வைத்து, இங்கே இத்தனை பேர் தூங்கினார்கள் என்று காட்டியிருந்தால் போதும், நம் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டலாம்.

மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவருடைய கடை இருக்கும் கட்டடத்துக்கு இப்போது புது ஓடு, புது ஜன்னல் எல்லாம் வந்துவிட்டது. "நல்லா இருக்குண்ணே" என்றேன். "நல்லாத்தாம்மா இருக்கு, அடுத்த ஒப்பந்தத்துல வாடகை என்ன கேப்பாங்கன்னுதான் தெரியல" என்றார். இன்னொரு நாள், ஊதுபத்தியும் சாமிக் காகிதமும் விற்கும் ஒரு சீன ஆன்ட்டி, அஞ்சடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், எதிர் வரிசையைக் காட்டி யார் யார் எங்கே இருந்தார்கள் என்று மலாயில் சொல்லிக்கொண்டே போனார். பிரம்பு முடைகிறவர், பெயர்ப் பலகை செதுக்குகிறவர், தையல்காரர். இப்போது அந்த வரிசையில் காப்பிக்கடையும் விடுதியும்தான். கட்டடங்கள் அவர் இளம்பெண்ணாக இருந்தபோது இருந்ததைவிட அழகாக இருக்கின்றன என்பதையும் அவரே சொன்னார். வீடு பிழைத்துவிட்டது, வீட்டுக்காரர்கள் போய்விட்டார்கள் என்ற நிலைமைக்குப் புதுப்பித்தவர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, அவர்கள் தொடாமல் விட்டிருந்தால் பல வீடுகள் இன்று மண்மேடாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் போகிறவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பணத்தை முழுக்க நுழைவுச்சீட்டுக்கும் கேக்குக்கும் கொடுத்துவிடாமல், அங்கேயே இன்னும் தொழில் செய்துகொண்டிருக்கிறவர்களிடம் ஏதாவது வாங்குங்கள். பூக்கடை, மாவுமில், பொற்கொல்லர் பட்டறை, ஊதுபத்திக்கடை எல்லாம் இன்னும் இருக்கின்றன. படம் எடுப்பதற்கு முன்னால் கேளுங்கள், உட்கார்ந்திருக்கும் மனிதர் காட்சிப்பொருள் கிடையாது. கரையோரத்தில் கம்பங்கள் மேல் நிற்கும் ச்சியூ ஜெட்டி வீடுகளில் இது இன்னும் முக்கியம். திறந்திருக்கும் கதவுக்குள் கேமராவை நீட்டுகிறவர்களைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது, அங்கே குழந்தைகள் பாடம் படித்துக்கொண்டிருக்கும், யாராவது சாமி கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

நடைமுறை விஷயங்கள் கொஞ்சம். ஒரு நாளைக்கு மூன்று வீட்டுக்கு மேல் வேண்டாம், அதற்கு மேல் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிடும். சின்னக் கடைவீடு காலையில், மத்தியானம் ஒரு மாளிகை, சாயங்காலம் தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். கழற்றி மாட்டச் சுலபமான செருப்பு போடுங்கள், சில இடங்களில் வெளியே விட வேண்டும். பழைய மாடிப்படிகள் செங்குத்தாக இருக்கும், முழங்கால் வலி உள்ளவர்களைக் கூட்டிப்போனால் அவர்கள் கீழ்த்தளத்தோடு நின்றுகொள்ள நாற்காலி இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், அத்தைக்கு இது பெரிய உதவியாக இருந்தது. சிமெண்டும் சுண்ணாம்பும் வித்தியாசம் பார்க்க விரும்புகிறவர்கள் மழை பெய்த மறுநாள் போனால் நல்லது, ஓதம் எதுவரை ஏறியிருக்கிறது என்பது கோடு போட்டது போலத் தெரியும். கைப்பேசி விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் உப்பியிருக்கும் இடமெல்லாம் நிழல் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். அருங்காட்சியகச் சுவரைக் கேட்காமல் தொடாதீர்கள், கஃபேயிலும் விடுதியிலும் தாராளமாகத் தொட்டுப் பார்க்கலாம்.

அஞ்சடியில் நடக்கும்போது தரையைப் பார்த்து நடக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டு வாசலும் ஒவ்வொரு உயரம், நடுவில் மோட்டார் சைக்கிள், பூந்தொட்டி, சாமி மாடம் எல்லாம் இருக்கும். தள்ளுவண்டியில் குழந்தையைக் கொண்டுபோவது கஷ்டம். நடக்க முடியாதவர்களுக்கு நகருக்குள் இலவசமாகச் சுற்றிவரும் கேட் (CAT) என்ற பேருந்து இருக்கிறது. காரை நகருக்குள் கொண்டுபோய் நிறுத்த இடம் தேடி அலைவதைவிட, எங்களைப் போல ரயிலில் பட்டர்வொர்த் வந்து ஃபெரி ஏறுவது எவ்வளவோ சௌகரியம். ஃபெரியில் இப்போது கார் ஏற்றுவதில்லை, ஆட்களும் மோட்டார் சைக்கிளும்தான். இறங்கினால் ஆர்மேனியன் ஸ்ட்ரீட் நடக்கிற தூரம். ஜூலை 7-ஐ ஒட்டிப் பாரம்பரியக் கொண்டாட்டம் நடக்கும்போது, மற்ற நாட்களில் பூட்டியிருக்கும் சில இடங்களும் திறந்திருக்கும், கைத்தொழில்காரர்கள் தெருவிலேயே உட்கார்ந்து வேலை செய்து காட்டுவார்கள். அந்த நாட்களில் ஜார்ஜ் டவுனுக்குள் அறை கிடைப்பது பாடு, கிடைத்தாலும் விலை சொல்லி மாளாது. பட்டர்வொர்த்தில் தங்கிக்கொண்டு காலை ஃபெரியில் போய், இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம்.